பாசக் கயிறும் துணைக் கயிறும்

பாசம் என்னும் சொல் கயிறு என்னும் பொருளது. நம் சாத்திரங்களில் அஃது உயிரைப் பிணித்து நிற்கும் மலங்களைக் குறிக்கும். உலக வழக்கிலோ, தாய் மகவின்பாலும் உடன்பிறந்தார் ஒருவர்பால் ஒருவரும் கொள்ளும் அன்பினைக் குறிக்கும். விடற்பாலதற்கும் விழையற்பாலதற்கும் ஒரு சொல்லே பெயராய் நிற்றலின், அன்பருட் சிலர் மயங்குகின்றனர். மக்களோடு கொள்ளும் தொடர்பு முழுவதும் பாசமே என்றும், அதனை நாளும் குறைத்துக்கொண்டு ஒருவரோடும் ஒட்டாது இருத்தலே முதுமைக்குரிய நெறி என்றும் அவர் கருதுகின்றனர். கதவடைத்து வாழ்வதைப் பக்குவம் எனக் கொள்வாரும் உளர்.

மருத்துவ நூலாரோ இந்நாளில் வேறொன்று கூறுகின்றனர். உணவும் உறக்கமும் தூய நீரும் போல மக்கட்டொடர்பும் உடல் நலத்திற்கு இன்றியமையாதது என்பதும், அஃதில்லாதார் நோய்க்கு எளிதில் இலக்காகின்றனர் என்பதும் அவர் ஆராய்ந்து கண்டன. இவ்விரண்டும் தம்முள் முரணுவனவா? சைவ நூல்கள் விலக்கிய பாசமும், மருத்துவர் வேண்டும் தொடர்பும் ஒன்றா, வேறா? இவ்வினாவிற்கு விடை காண்டற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. எம் தூத்துக்குடிக் கரையில் பல நூற்றாண்டுகள் நிகழ்ந்த முத்துக்குளிப்பு என்னும் தொழிலை உற்று நோக்கின், கயிறு இருவகைத்து என்பது தானே விளங்கும். அதனை முதற்கண் கூறி, பின்னர் மருத்துவர் கூற்றையும் சாத்திரக் கருத்தையும் அதனோடு பொருத்திக் காட்டுதும்.

முத்துக்குளிப்பின் இயல்பு

மன்னார்க் கடலின் அடியில் முத்துச் சிப்பிகள் படிந்து வளரும் மேட்டு நிலங்களைப் பார் என்பர். அப்பார்களிற் சிப்பி முதிர்ந்தமை கண்டு, அரசினர் அறிவித்து நடத்தும் குளிப்புக் காலத்தைச் சலாபம் என்பர். சலாபம் ஆண்டுதோறும் வருவதன்று. சில காலம் அடுத்தடுத்து வரும். சில காலம் பல்லாண்டுகள் வாராதே ஒழியும். பாண்டியர் துறையாகிய கொற்கையின் முத்தைச் சங்கப் புலவரும் யவன வணிகரும் ஒருங்கே புகழ்ந்தனர். அக்கொற்கை இன்று கடலினின்றும் விலகி உள்நாட்டு ஊராய் நிற்கின்றது. பின்னாளிற் காயலும், அதற்குப் பின் தூத்துக்குடியும் அத்தொழிற்கு நடுவிடமாயின. 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த சலாபங்களே இக்கரையின் இறுதிச் சலாபங்கள். 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தினை உண்டாக்கினர். எனினும் மூச்சடக்கி முத்தெடுத்த பழந்தொழில் 1961-ஓடு முடிந்தது.

அத்தொழில் நிகழ்ந்தவாறு இது. தோணி பாரின்மேல் நங்கூரமிடப்படும். குளிப்பவன் நீரில் இறங்கித் தோணியின் பக்கத்தே நிற்பான். அவனுக்குரிய கயிறுகள் இரண்டு. ஒன்றன் நுனியில் ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கல் கட்டப்பட்டிருக்கும். மற்றொன்றன் நுனியிற் சிப்பியிடும் வலைப்பை இருக்கும். அவன் கல்லின்மேல் ஓரடியை ஊன்றி, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, மூக்கினைப் பொத்திக்கொண்டு குறி காட்டியவுடன் மேலுள்ளவன் கயிறுகளை நெகிழ விடுவான். கல்லின் எடையால் அவன் ஐந்து முதல் பத்துப் பாகம் வரை விரைந்து தாழ்வான். அடியைச் சேர்ந்ததும் காலைக் கல்லினின்று எடுத்துவிடுவான். கல் உடனே மேலே இழுக்கப்படும். ஒரு நிமிடம் அளவே அவனுக்குள்ள காலம். தேர்ந்தோர் அதனிற் சிறிது மிகுதியும் இருப்பர். அதனுள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலையில் வாரியிட்டு, மூச்சு முட்டும்பொழுது கயிற்றை அசைப்பான். அசைவினை உணர்ந்தவுடன் மேலுள்ளவன் கை மாறாது இழுக்க, குளிப்பவன் அக்கயிற்றைப் பற்றி மேலே வருவான்.

ஈண்டுக் கல்லின் கயிறு தாழ்த்துவது, மற்றைக் கயிறு உயர்த்துவது. முன்னதனை அடியிற் சேர்ந்தவுடன் விட்டுவிட வேண்டும். விடானாயின் அவன் மீள்வது அரிது. பின்னதனை இறுதிவரை விடலாகாது. இவ்விரண்டனையும் கயிறு என்று ஒரே பெயரால் வழங்குகின்றோம். பெயர் ஒன்றாதல் பற்றித் தொழிலும் ஒன்று எனக் கொண்டு, இரண்டனையும் அறுப்பான் ஒருவன் உளனாயின், அவன் அறிவினை என்னென்பது!

கயிறு பிடிப்பவன்

மேலே தோணியில் நிற்பவனுடைய கடமையை இன்னும் நுணுகி நோக்குதல் வேண்டும். பத்து மீட்டர் ஆழத்தில் உடலின்மேல் நிற்கும் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் இருமடங்காகும். மூச்சடக்கி மூழ்கியவர்க்கு மேலே ஏறிவருங்காலத்தும், நீர்மட்டத்தை அணுகிய நிலையிலும், முன்னறிகுறி யாதுமின்றி நினைவு தப்புதல் உண்டு என்று உடலியலார் கூறுவர். நினைவிழந்தவன் தன்னைத் தான் காத்துக்கொள்ள மாட்டான். ஆகலின் அவன் உயிர் அப்பொழுது அவன் மூச்சில் இல்லை. மேலுள்ளவன் கவனத்தில் உள்ளது.

அக்கவனம் கயிற்றின் அசைவை மட்டும் நோக்குவதன்று. இவன் எத்துணைப் பொழுது அடங்கியிருக்க வல்லன், இன்று இரவு உறங்கினானா, முற்குளியில் எவ்வாறு எழுந்தான் என்பவற்றை யெல்லாம் அறிந்திருப்பவனே குறி வாராதவிடத்தும் இழுக்க வேண்டிய நொடியை உணர்வான். இது பற்றியே கயிறு பிடிப்பவன் குளிப்பவனுக்கு மைத்துனனாய் இருத்தல் நன்று என்று இக்கரையிற் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாளின் தாலிக்கு ஊறு வாராமற் காப்பான் என்பது கருத்து. எல்லாத் தோணியிலும் அவ்வாறே இருந்தது என்பது பொருளன்று. அளவறிந்தவன், அக்கறையுடையவன் கையிலன்றி உயிரை ஒப்படைத்தல் ஆகாது என்பதே அச்சொல்லின் உட்கிடை.

இலங்கைக் கரைச் சலாபத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டெழுதியோர், தோணி ஒன்றில் தலைவனை யன்றி இருபதின்மர் இருந்தனர் என்றும், அவருட் பதின்மர் குளிப்போர், பதின்மர் துடுப்பு வலித்துக் கயிறு இழுப்போர் என்றும் குறித்தனர். குளிப்போரும் ஒருங்கே மூழ்கார். ஒரு கல்லுக்கு இருவராக, ஐவர் மூழ்கும்பொழுது ஐவர் மேலிருந்து மூச்சாறுவர். ஆழ்ந்தவனும் அமர்ந்தவனும் மாறிமாறி வந்தமையின், இன்று காக்கப்பட்டவன் நாளைக் காப்பவன் நிலையை அறியாதவன் அல்லன். கொரியா நாட்டுச் சேசுத் தீவில் மூச்சடக்கிக் கடலடி உணவு தேடும் எனியோ என்னும் மகளிரும் தனியே கடலிறங்குவதில்லை. அறுபது கடந்தோரே அவருட் பலர். கூட்டமாகச் சென்று, ஒருவரை ஒருவர் நோக்கிக்கொண்டு குளித்து, கரையேறியபின் தீயைச் சூழ இருந்து உடல் வெதுப்பி உரையாடும் வழக்கம் அவர்க்கு உண்டு. அவர்தம் மரபு 2016-இல் யுனெசுகோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. கடலும் மொழியும் வேறாயினும், ஆழத்தில் இறங்குவோர் கண்ட உண்மை ஒன்றாகவே இருக்கின்றது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்பக்கம் வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிசு நகரத்தார் மற்றொரு செய்தியும் உரைத்தார். சுறா முதலிய பெருமீன்கள் குளிப்பாரை ஊறு செய்யாதவாறு மந்திரம் செபிப்பாரை வணிகர் உடன்கொண்டு சென்றனர் என்றும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்க்கு அளிக்கப்பட்டது என்றும் அவர் எழுதினார். இவரைப் பிற்காலத்தார் கடல்கட்டி என்றனர். மந்திரத்தாற் சுறாவின் வாய் கட்டுண்டதோ இல்லையோ, அஃது ஈண்டு ஆராய்ச்சியன்று. தமக்காக ஒருவன் விழித்திருந்து வேண்டுகின்றான் என்னும் நினைவே குளிப்பார் அச்சத்தைத் தணித்தது. அச்சத்தால் நெஞ்சு படபடப்பவன் மூச்சை விரைவில் இழப்பான், அமைதியுடையவன் நெடிது அடக்குவான் என்பது எவரும் அறிந்ததே. பரதவ கிறித்தவரும் மரைக்காயரும் பிறரும் கலந்து தொழில் செய்த கரை இது. மேலிருந்து இழுத்த கையின் சமயம் யாது என்று ஆழத்திலிருந்தவன் வினவியதில்லை.

இனி, கயிறு இருந்தமையாலே தொடர்பு இருந்தது என்று முடிவு செய்தலும் தவறு. கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பெரிபுளூசு என்னும் யவனக் கடல்வழி நூல், பாண்டியர்க்குரிய கொற்கை முத்துத்துறையிற் குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்று கூறும். அவர்க்கும் கயிறு இருந்திருக்கும், மேலே ஆளும் இருந்திருப்பான். ஆயினும் சிப்பியை இழுக்கும் கையும் உயிரை இழுக்கும் கையும் ஒன்றல்ல. முன்னவனுக்கு வலையின் எடையே பொருள். பின்னவனுக்கு வலையைப் பற்றியிருப்பவனே பொருள். எனவே மக்கட்டொடர்பு என்பது பலரால் சூழப்பட்டிருத்தலன்று. நம் அளவை அறிந்து நம்மை நோக்கியிருப்பார் சிலரை உடையராதலும், நாமும் சிலர்க்கு அவ்வாறாதலுமே ஆகும்.

மருத்துவர் கண்டது

ஆழத்திற் குளிப்பானுக்குக் கண்கூடாய் நிகழும் இது, கரையில் வாழ்வார்க்கும் மெல்ல நிகழ்கின்றது என்பதே மருத்துவ ஆராய்ச்சியின் முடிபு. அவற்றுட் சில கூறுதும்.

1945-இல் இரெனே சுபிட்சு என்னும் மருத்துவர் இருவகை இல்லங்களில் வளர்ந்த குழவிகளை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று தாயரற்ற குழவிகளின் இல்லம். அங்கே உணவும் தூய்மையும் மருத்துவமும் குறைவற்றிருந்தன. ஆயினும் ஒரு செவிலி பல குழவிகளைப் பேணியமையின் எடுத்து அணைப்பாரும் பேசி மகிழ்விப்பாரும் இலர். மற்றொன்று சிறைப்பட்ட மகளிர் தம் குழவிகளைத் தாமே வளர்த்த இடம். முன்னதில் இருந்த 91 குழவிகளுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டவை இரண்டாண்டில் இறந்தன. சிறையிலோ குழவிகள் இறக்கவில்லை. பாலன்றி அணைப்பும் உணவே என்பதனை உலகம் உணர்தற்கு இஃது ஏதுவாயிற்று.

வளர்ந்தோர் பற்றியும் ஆராய்ச்சிகள் பல. 2010-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 3 இலக்கத்திற்கு மேற்பட்ட மக்களைப் பற்றிய 148 ஆராய்ச்சிகளை ஒருங்கு நோக்கியது. வலிய மக்கட்டொடர்பு உடையார், அஃது இல்லாரை நோக்க, ஆய்வுக் காலத்தில் உயிர்தப்பியிருக்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது என்று அது கண்டது. 2016-இல் வந்த பிறிதொரு தொகுப்பாய்வு, தொடர்பு குன்றினார்க்கு இதய நோய் நேர்வு நூற்றுக்கு 29 பங்கும், மூளை இரத்தக்குழாய் நோயாகிய பக்கவாதம் நூற்றுக்கு 32 பங்கும் மிகுதி எனக் காட்டியது. 2025-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, உலக மக்களுள் அறுவருள் ஒருவர் தனிமைத் துயர் உடையர் என்றும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,71,000 இறப்புகள் அதனோடு தொடர்புடையன என்றும் மதிப்பிட்டது.

இக்கணக்குகளை அளவோடு கொள்க. நோயுற்றவர் வெளியே செல்லாமையால் தொடர்பிழப்பதும் உண்டாகலின், எது காரணம் எது காரியம் என்பதை ஒவ்வோரிடத்தும் பிரித்தறிதல் எளிதன்று. எனினும் தொடர்பின்மை உடலைத் தாக்கும் வழிகள் சில புலனாகியுள்ளன. துணையற்றவன் உடல், காவலில்லா ஊரில் இரவு முழுதும் விழித்திருக்கும் ஒருவனைப் போல்வது. இரத்த அழுத்தம் ஏறும். அச்சத்திற்குரிய சுரப்புகள் ஓயாது சுரக்கும். உறக்கம் துண்டுபடும். இந்நிலை நீடிப்பின் இதயமும் குழாய்களும் தேய்வுறும். இஃதன்றி, மருந்து உண்டனையா என்று கேட்பார் இல்லை. முகம் வாடியது ஏன் என்று வினவுவார் இல்லை. ஆகலின் நோய் தொடங்கிய காலத்து அறியப்படாது முதிர்ந்தபின்பே வெளிப்படும். தொடர்பு மருந்துக்கு மாற்றன்று. மருந்தினிடத்து நம்மைக் கொண்டு சேர்க்கும் கை அது.

அவ்வறிஞர் பிறிதொரு வேறுபாடும் காட்டினர். தனித்து வாழ்தல் வேறு, தனிமைத் துயர் வேறு. ஒருவர் தனியே வாழ்ந்தும் துயரின்றி இருத்தல் கூடும். பெருங்குடும்பத்தின் நடுவே, தம் சொற்குச் செவி கொடுப்பார் ஒருவரும் இன்றித் தனிமையுறுதலும் கூடும். தொடர்பாவது எண்ணிக்கையன்று என முன்னர்க் கொற்கைக் குளிப்பாரைக் காட்டி யாம் கூறியதும் இதுவே.

சாத்திர நோக்கு

இனித் தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு வருவோம். அதனை மூன்று கூறாக்கி விடை கூறுதும்.

முதலாவது: பாசம் அறுக்கத் தக்கதாயின் மக்கட்டொடர்பும் அறுக்கத் தக்கதன்றோ? அன்று. சித்தாந்தத்திற் பாசம் எனப்பட்டன ஆணவம், கன்மம், மாயை முதலிய மலங்களே. அவற்றுள் மூலமாகிய ஆணவம், வியாபகமாகிய உயிரை அணுத்தன்மைப்படச் செய்தலின் அப்பெயர் பெற்றது என்பர் ஆசிரியர். யான் எனது என்னும் சிறு வட்டத்துள் உயிரைக் குறுக்கி நிறுத்துவது அதன் தொழில். அங்ஙனமாயின், பிறர் துன்பம் தன்னைத் தீண்டாதவாறு கதவடைத்து இருத்தல் மலநீக்கமா, மலத்தின் வழி நிற்றலா? அன்போ அதற்கு மறுதலையானது. அது தன்னிற் பிறரைக் கொண்டு உயிரை விரிப்பது. எனவே மகனும் மனையும் பொருளும் என்னுடையன, யான் வேண்டியவாறே நடத்தற்குரியன என்னும் பற்றே கல்லின் கயிறு. அதனைத் தக்க காலத்து நெகிழ விடாதான் ஆழத்திலேயே நிற்பான். என்பொருட்டு இவரும் இவர்பொருட்டு யானும் உளேம் என்னும் அன்பு துணைக் கயிறு. அதில் முடிச்சு இல்லை. கீழுள்ளவனும் பற்றியிருக்கின்றான், மேலுள்ளவனும் பற்றியிருக்கின்றான், அவ்வளவே.

இரண்டாவது: இன்பமும் துன்பமும் நோயும் நலமும் வினைவழி வருவன வாயின், மக்கட்டொடர்பால் ஆவது என்? குடத்திற்கு மண் முதற்காரணம், தண்ட சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று கூறும் நாம், துணைக்காரணத்தை யாண்டும் தள்ளுவதில்லை. வினையும் தானே வந்து பயன் தராது. இறைவன் ஊட்ட, ஒரு வாயில் பற்றியே வரும். மருந்தும் மருத்துவனும் அத்தகைய வாயில் எனக் கொண்டு நோயுற்றபோது நாடுகின்றோம். கதவைத் தட்டி நலம் வினவும் அயலானும் அத்தகைய வாயிலே. அவனை வினையின் பெயரால் விலக்குவது, மருந்தினை வினையின் பெயரால் விலக்குவதோடு ஒக்கும்.

மூன்றாவது: தவத்தோர் ஏகாந்தத்தை விரும்பினர் அன்றோ? விரும்பினர். ஆயினும் அவ்வேகாந்தம் இறைவனோடு கூடியிருத்தற்கு அவர் தாமே தெரிந்துகொண்டது. யாரும் நாடாமையால் வந்து சேர்ந்தது அன்று. அவரும் குருவினை நீங்கினாரல்லர், அடியாரை வெறுத்தாரல்லர். எம் பொருநைக் கரையின் திருவைகுண்டத்திற் பிறந்த குமரகுருபர அடிகள், தருமபுரத்து மாசிலாமணி தேசிகரைக் குருவாக அடைந்தார். அவர் ஆணை தலைமேற்கொண்டு காசி வரை சென்றார். அங்கும் குகையொன்று தேடித் தனித்திராது, மடம் ஒன்றை நிறுவினார். மடம் என்பதே துறந்தோரும் கூடி வாழ்தற்கு அமைந்தது. உடனுண்டு, உடனோதி, நோயுற்றார்க்கு உடனிருப்பது அதன் ஒழுக்கம். சிவஞானபோதமும் இறுதியாகிய பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலங் கழுவப்பெற்ற ஞானிக்கும் அடியார் இணக்கத்தை விதித்தது. ஞானிக்கே அஃது இன்றியமையாததாயின், நம்மனோர்க்குக் கூறவேண்டுவது என்னை? உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. சார்பின்றி நில்லாதது. நற்சார்பு இல்லாதவிடத்து அது வெறுமையைச் சாராது, அச்சத்தையும் சினத்தையும் பழநினைவையுமே சார்ந்து நிற்கும். முதியோர் தனிமையில் நாம் காண்பது இதுவே.

அச்சிவஞானபோதத்திற்கு உரை கண்டோருள் எம் ஊர்க் கப்பலோட்டிய பெரியார் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஒருவர். அவர் உரை 1935-இல் வெளிவந்தது. தொடர்பின் வன்மைக்கு அவர் வாழ்வே சான்று. 1908-இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது அவர் முன்னின்று பொருள் திரட்டினார். ஊராரும் அத்தொழிலாளர்க்கு உணவும் வேலையும் அளித்துத் தாங்கினர். அவ்வாண்டே அவர்க்குக் கொடுந்தண்டனை விதிக்கப்பட்ட செய்தி கேட்ட தம்பியார் மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். ஒருவர்க்கு நேர்ந்தது மற்றவர் உடலையும் உளத்தையும் தாக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. தொடர்பு நலமே தரும், துன்பம் தாராது என்று யாம் கூறவில்லை. கயிறு பிடித்த கை தோல் உரிதலும் உண்டு. அதற்கஞ்சிக் கயிற்றை விடுதல் முறையோ என்பதே வினா.

இக்கரையின் இன்றைய நிலை

சலாபம் முடிந்து அறுபது ஆண்டிற்கு மேலாயிற்று. 1974-இல் பெருந்துறைமுகம் ஆன தூத்துக்குடி இன்று கப்பலும் கொள்கலனும் மலிந்த நகரம். இளைஞர் கப்பற்பணிக்கும் வளைகுடா நாடுகட்கும் சென்னைக்கும் செல்கின்றனர். பொருள் வருகின்றது. மாடி வீடுகள் எழுகின்றன. அவற்றுட் பலவற்றில் விளக்கேற்றுவார் முதியோர் ஒருவரோ இருவரோ மட்டுமே. பிள்ளைகள் அன்பிலர் என்று கூறல் பழியாகும். நாடோறும் கைப்பேசியில் முகம் கண்டு பேசுவோர் பலர். அதுவும் ஒரு கயிறே, நன்றே. ஆயினும் கடல் கடந்து நிற்பவன் அசைவினை உணர்வானேயன்றி, அப்பொழுதே இழுக்க மாட்டான். இழுக்கும் கை அண்மையில் இருத்தல் வேண்டும்.

எம் தெருவில் நிகழ்ந்தது ஒன்று கூறுவேம். வாரந்தோறும் திருமுறை ஓதக் கூடும் எம் சிறு கூட்டத்திற்கு எழுபது கடந்த முதியவர் ஒருவர் வருவார். மனைவியை இழந்தவர். மகன் கப்பலில் இருப்பவன். ஒரு வாரம் அவர் வரவில்லை. ஓதி முடிந்ததும், அவர் வாராமை கண்ட இளைஞன் ஒருவன், “ஐயா வரலையே, ஒரு எட்டு பார்த்துட்டு வாரேன்” என்று மிதிவண்டியிற் சென்றான். அவர் இரண்டு நாட்களாகக் காய்ச்சலோடு உணவின்றிக் கிடந்தார். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றமையாற் பிழைத்தார். அவர் கைப்பேசியிற் பெயர்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. அவர் வரும் நாள் இது என்று அறிந்தவன் ஒருவனே இருந்தான். அன்று அவரைக் காத்தது அவ்வறிவே.

கடலிற் குளிக்கும் தொழிலும் முற்றும் ஒழியவில்லை. சங்கு குளிப்போர் இன்றும் உளர். அவருட் பலர் மூச்சடக்குவதை விடுத்து, தோணியிலுள்ள காற்றழுத்தப் பொறியினின்று நீண்ட குழாய் வழியாக மூச்செடுத்து ஆழத்தில் நெடும்பொழுது இருக்கின்றனர். அவ்வாறு இருப்பார் குருதியில் காற்றின் ஒரு கூறாகிய நைட்ரசன் மிகுதியாகக் கரையும். விரைந்து மேலே ஏறின் அது குமிழியாகிப் பிரிந்து மூட்டுகளில் நோவும், தண்டுவடத்திற் சேரின் கை கால் செயலறுதலும், சிலர்க்கு இறப்பும் விளைக்கும். பண்டைக் காலத்தில் விரைந்து இழுப்பவன் நல்லவன். இன்று நேரம் கணக்கிட்டு மெல்ல ஏறச் செய்பவனே நல்லவன். பொறி மாறிற்று, காலம் மாறிற்று. மேலே ஒருவன் விழிப்போடு இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

ஆகலின் அன்பர்கள் செய்யத் தக்கன பெரியன அல்ல. கோயிலிலும் சபையிலும் கூடுவோர், வந்தாரை எண்ணுவதோடு வாராதாரையும் நினைத்தல் வேண்டும். தனித்து வாழும் முதியோர் ஒவ்வொருவர்க்கும், இருவர் அவர் அளவை அறிந்திருத்தல் வேண்டும். எப்பொழுது எழுவார், எம்மருந்து உண்பார், யாரை அழைக்க வேண்டும் என்பன அவ்வளவு. முதியோரும் தாம் காக்கப்படுவோர் மட்டுமே என்று ஒதுங்கலாகாது. ஒரு கல்லுக்கு இருவர் என்னும் முறையில், பாடம் சொல்லல், குழந்தையை நோக்கல், நோயாளர் அருகில் இருத்தல் எனத் தமக்கு இயன்ற முறையைத் தாமும் ஏற்றல் வேண்டும். உதவி பெறுவதற்கு நாணி மறைப்போர் உளர். கீழே உள்ளவன் கயிற்றை அசைத்தல் இழிவன்று. அசைக்காதிருத்தலே இடர். நெடுங்காலம் வருத்தும் தனிமைத் துயரும் உறக்கமின்மையும் உடையார் மருத்துவரிடமும் அதனைக் கூறுதல் வேண்டும். அதுவும் உடல்நோயைப் போலக் கூறத்தக்கதே.

இதுகாறும் கூறியவாற்றால், உயிரைக் குறுக்கும் பற்று பாசமென்பதும், உயிரை விரிக்கும் அன்பு அதற்குத் துணையென்பதும், அத்துணை இல்லாதவழி உடலும் நலம் குன்றும் என்பதும் பெறப்பட்டன. முன்னதை நெகிழ விடுக, பின்னதைப் பற்றுக. இதனைப் படிக்கும் அன்பர் ஒவ்வொருவரும் இன்று மாலைக்குள், சில நாளாகக் காணாத ஒருவர் வீட்டு வாயிலிற் சென்று நலம் வினவுவாராக. அதுவே இக்கட்டுரையின் பயன்.

சிவம்.